காம்புத் துரு

சுரங்க வேலையில் ஸ்டோர் கீப்பராக
ஐந்து வருஷம் இருந்தேன் என்பதால்
தலவாக்கலையில் ஜப்பான் சாமான் எதுவானாலும்
என் வாசலுக்கு வரும்.
சோறாக்கும் பெட்டி. பேச்சு நின்ற ரேடியோ.
எனக்குத் தெரிந்த ஜப்பான் பாஷையோ நாலே சொல்:
நில், மெல்ல, ஆபத்து, சாப்பிட்டாயா.

போன ஞாயிறு சிவனம்மா வந்தாள்,
படங்குச் சாக்கில் சுற்றிய ஒரு நீளத்தோடு.
பங்களா ஹோட்டலாக மாறிய மாதம்
காவல்கார அப்பனுக்கு
சர்வீஸ் காசில் விழுந்த துண்டுக்கு ஈடாக
கால் ஆடும் அலுமாரி ஒன்றும் இதுவும்.
பர்மாச் சண்டையிலிருந்து துரை கொண்டுவந்ததாம்.
பண்டாரவளை வியாபாரி உறையைத் தட்டிப் பார்த்து
சும்மா பட்டாளத்துக் கத்தி, இருபதாயிரம் என்றானாம்.
சும்மா என்றால் எதற்கு இருபதாயிரம்
என்பது அவள் சந்தேகம்.

ஹிராயாமாவுக்குப் படம் அனுப்பினேன்.
சுரங்க வாயில் என்னோடு பருப்பு வடை தின்ற சர்வேயர்,
இப்போது பென்ஷன், தூக்கம் வராத மனிதர்.
உடனே பதில்:
உடுப்பைப் பார்க்காதே. கழற்று.

பிடியில் ஒரு மூங்கில் ஆணி. தட்டினேன், பாதியில் உடைந்து வந்தது.
பிடியை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு
என் மணிக்கட்டை நானே குத்தினேன்.
மூன்றாம் குத்தில் இரும்பு அசைந்தது.

காம்பு வெளியே வந்ததும்
சிவனம்மா மடியிலிருந்து உப்புத்தாளை எடுத்தாள்.
"தேய்ச்சிட்டா பளிச்சுன்னு தெரியுங்க."
தொடாதே என்று கத்திவிட்டேன்,
போனில் இருந்தவர் கத்துவதற்கு முன்பே.

சிவந்த துரு நேற்றையது.
இது சிவப்பில்லை.
பிளேன்டீக் கோப்பையின் அடியில்
வருஷக்கணக்காய் ஊறிய கறை, விரலில் ஒட்டாதது.
உடுப்புதான் பட்டாளத்தினுடையது.
உடம்பு, இந்த மலையில் தேயிலைக்கு முன்
கோப்பிக்கும் முன்
வெறும் காடு நின்ற நாளில்
எங்கேயோ யாரோ அடித்தது.

குண்டு பல்பின் கீழ் சாய்த்துப் பிடித்தோம்.
ஒரு கோணத்தில் ஒன்றுமில்லை.
கொஞ்சம் திருப்பினால், விளிம்பை ஒட்டி
ஜனவரி உறைபனி விழுந்த புல்லாய்
ஒரு வெள்ளை ஓடியது. கிட்டப் பார்த்தால் பொடிமணி.
மெஷினில் கீறிய கோடு
எப்படித் திருப்பினாலும் அப்படியே கிடக்குமாம்.
இது ஒளிந்து ஒளிந்து வந்தது.
நடுவில் ஒரு பல் பெயர்ந்த இடம்.
"அது எங்க கொழுந்தன். கவ்வாத்துக் கத்தி தொலைஞ்ச அன்னைக்கு
இதாலதான் சவுக்குக் கொப்பு வெட்டுனாரு."
அதை மட்டும் நான் ஹிராயாமாவுக்கு எழுதவில்லை.

காம்பில் இரண்டு துளை.
அப்படியென்றால் நெடிய வாளைப் பிற்பாடு ஒருவன்
அடிப்பக்கம் அறுத்துக் குட்டையாக்கியிருக்கிறான்.
அறுத்த ஓரத்தில் ஓர் எழுத்து முழுசாய்,
அடுத்ததன் தலை மட்டும்.
கொல்லன் பேர், என்றார்.
முழுசாய் இருந்தால் விலை வேறு.
பொய்ப் பேர் வெட்டுகிறவர்கள் உண்டு,
ஆனால் பொய்க்காரன் பாதியோடு விட மனம் வராது.
படத்தை வைத்து விலை சொல்லமாட்டேன், கையில் எடுக்கவேண்டும்.
இருபதாயிரத்துக்கு மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.

பேர் பாதிதான் இருக்கிறதாம், என்றேன்.
"அரைப்பேரா?" என்றாள்.
பதினெட்டுக் கிலோவுக்கு இரண்டு குறைந்தால்
பகலெல்லாம் மழையில் நின்றவளுக்கு
செக்ரோலில் விழுவது அது.
அறுத்த ஓரத்தை ரொம்ப நேரம் பார்த்தாள்.

"யாருங்க தராசு புடிச்சது?"

அந்தக் கேள்வியைப் போனில் தட்டினேன்.
பிறகு அழித்தேன்.

உடைந்த ஆணி இனி உதவாது.
கொழுந்துக்கூடையில் பிரிந்து நின்ற மூங்கில் சிம்பை முறித்து
"இது காணுங்களா?" என்று நீட்டினாள்.
சீவினேன். கொஞ்சம் தடிப்பு.
மறுபடி சீவினேன்.